பத்மாக்கா திருப்பித் தராத கடிதம்

செய்தி நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "பத்மா தி ஆர் நேய்." பத்மா அக்கா இனி இல்லை என்பதை வங்காள மொழியில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பவானிபூரில் மெட்ரோவுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்த நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போனார்கள்.

இரங்கல் கூட்டத்தில் நம் அதிகாரி, "பத்மா மேடம் தனக்கென்று எதையும் கேட்டதே இல்லை" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்காமலே மூன்று முறை பதவி உயர்வு வந்தது. மூன்று முறையும் வேண்டாம் என்று எழுத வைத்தோம். அதற்கு இப்போது பெருந்தன்மை என்று பெயராம்.

நம் அலிப்பூர் அலுவலகத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பதவி உயர்வு என்றால் ஊர் மாற்றம். ஆண்கள் பெட்டி கட்டுவார்கள். பெண்கள் பத்மாக்காவின் மேஜைக்கு வருவார்கள். அவருடைய ஆங்கிலம் அத்தனை சுத்தம். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை' என்று ஒரு மாதிரிக் கடிதம் அவர் இழுப்பறையில் எப்போதும் இருக்கும். பெயரை மாற்றினால் போதும். அதுவே அவர் முதலில் தனக்காக எழுதியதுதான். அப்போது மகளுக்கு இரண்டு வயது, மாற்றல் ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கும் மால்டா என்ற ஊருக்கு. இரண்டாவது முறை அதே மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு. மூன்றாவது முறை மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிவு. அந்த மூன்றாவது கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தவள் நான். உதவி செய்வதாக நினைப்பு. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அவரிடம் வேலை கற்றவர்கள் ஒவ்வொருவராக அவருக்கே மேலதிகாரி ஆனார்கள். அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் மருந்துக் கடையில் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு எழுதியிருந்த மாத்திரையைப் பத்து நாளுக்கு மட்டும் கேட்டு வாங்கினார். நான் கவனித்ததைப் பார்த்துவிட்டு, "பென்ஷன் கடைசிச் சம்பளத்தைப் பாத்துத்தான்டி வரும். மாமியார் இடுப்பைப் பாத்து வராது" என்றார்.

போன மாதம் எனக்கும் பதவி உயர்வு உத்தரவு வந்தது. சிலிகுரி. "உன் இஷ்டம்" என்றார் கணவர். மறுநிமிடமே, "அப்பாவை யார் பாத்துக்கறது?" என்றார். அப்பா அவருடைய அப்பா. கேள்வி மட்டும் எனக்கு. வழக்கம்போல மாதிரிக் கடிதத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருந்த பத்மாக்காவிடம் ஒருமுறை காட்டப் போனேன். மூச்சு வாங்கியபடியே கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"யார் எழுதினது இது?"

"உங்களோடதுதான் அக்கா. பேரை மட்டும் மாத்தினேன்."

"உனக்குப் போக இஷ்டமா, இல்லையா?"

"போகணும்னுதான் இருக்கு."

"அப்ப நீ ஏன் எழுதறே? வேண்டாம்கறது யாரோ, அவரை எழுதச் சொல்லு. நான் ஒருதடவைகூட அப்படிச் சொல்லலை. மூணு தடவையும் நானே எழுதினேன், முட்டாள் மாதிரி."

கடிதத்தை எனக்குத் திருப்பித் தரவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவரிடம் பேச எனக்கு வாய்க்கவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கணவர் முன்னால் வைத்தேன். "நான் ஏன் போகக் கூடாதுன்னு நீங்களே எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்."

பேனாவைத் திறந்தார். 'ஐயா' என்று எழுதினார். குழம்பு ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, மறுநாள் காலையில் ஆயா சென்டருக்குப் போன் செய்து, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று விசாரித்தார். எங்களுக்குக் கல்யாணமான இருபது வருடத்தில் வீட்டு வேலைக்கென்று அவரே விசாரித்த முதல் ஆள்.

திங்கட்கிழமை நான் சிலிகுரியில் சேர்கிறேன். பத்மாக்காவின் நினைவாக என் பெட்டியில் இருப்பது அந்தத் தாள்தான். 'ஐயா'வுக்குக் கீழே ஒன்றுமில்லை. இனி யாராவது என்னிடம் மாதிரிக் கடிதம் கேட்டு வந்தால், இதைத்தான் கொடுப்பேன்.