வாசிக்க மறுத்த சிவப்புக் கோடுகள்

நேற்று யாழ்ப்பாணம் டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காசு வாங்கும் இடத்தில் இருந்த பிள்ளை என் பிஸ்கட் பக்கெற்றை ஸ்கானருக்கு முன்னால் பிடித்தாள். சத்தம் வரவில்லை. திருப்பிப் பிடித்தாள், சட்டைக் கையில் துடைத்துவிட்டும் பிடித்தாள். பிறகு பார்கோட்டுக்குக் கீழே இருந்த எண்களைப் பார்த்து மளமளவென்று தட்டினாள். வேலை முடிந்தது.

“அவ்வளவுதானா?” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“ஓம் அண்ணை. வாசிக்காட்டி நம்பரை அடிக்கிறதுதானே. ஏன் கோவிக்கிறியள்?”

அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் என் மூக்கில் வறுத்த மிளகாயும் மல்லியும் மணத்தன. பிஸ்கட் பக்கெற்றில் தூள் எப்படி மணக்கும் என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் எனக்கு அந்த மணம்தான் வரும்.

அது சிவமலர் அக்காவின் கறித்தூள். எங்கள் ஊரான சரவணையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில், தகரக் கொட்டில் போட்டு அயல் பெண்கள் இரண்டு பேரோடு வறுத்து அரைத்தார். தாச்சியில் செத்தல் மிளகாய் விழுந்த நேரம் பஸ் வந்து நின்றால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் தும்முவார்கள். “அக்கா, நாங்கள் போனாப் பிறகு வறுங்கோவன்!” என்று கொண்டக்டர் கத்துவார். “தும்மினா ஆயுசு கூடும், போம்!” என்று அக்கா உள்ளிருந்து பதில் கொடுப்பார்.

அக்கா கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போன பிறகு, கனடாவில் இருந்த ஒரே அண்ணன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஓயாமல் கேட்டார். “அங்கை போய் அண்ணி வேலையாலை வரும்வரைக்கும் பிள்ளையளுக்குச் சமைச்சுக்கொண்டு இருக்கிறதோ? இந்தத் தூள் கடைக்குள்ளை போயிட்டா நான் ஒருத்தரிட்டையும் போகத் தேவையில்லை, தம்பி” என்று என்னிடம் சொன்னார். டவுனில் ஒரு பெரிய கடை, நேற்று நான் நின்றதல்ல, வேறொன்று, தூளை எடுக்கச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை, பக்கெற்றில் பார்கோட் இருக்க வேண்டும்.

லேபிளை அடித்துத் தரும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். தூளுக்குத் தகப்பனின் பெயர். அந்த மனிதர் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தவர். புதுச் சரக்கு இறக்கினால் முதல் மூட்டைக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்காமல் தொடமாட்டாராம். அதைப் பிடித்துக்கொண்ட மகன், கனடாவில் இருந்தபடியே அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். லேபிளில் ஒரு பொட்டுக் கறுப்பும் இருக்கக் கூடாது. “கறுப்பிலை அடிக்கிறது செத்தவீட்டு நோட்டீசுக்கு. அப்பான்ரை பேரிலை முதல் சரக்குப் போகுது.” அச்சகக்காரர் சொன்னபடியே அடித்தார். பிள்ளையார், தகப்பன் பெயர், பார்கோட், எல்லாமே வெள்ளையில் குங்குமச் சிவப்பாக வந்திறங்கின. பார்க்க வடிவாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கடையில் ஒரு பக்கெற்றும் வாசிக்கவில்லை. பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். கொம்பியூட்டர் படித்தவன் என்று ஊருக்குள் எனக்கொரு பெயர். மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கும் கூப்பிட்டார்கள். தூளின் எண்ணெய் பட்டிருக்குமோ என்று துடைத்தேன். பக்கெற் உப்பியதால் கோடு வளைகிறதோ என்று தட்டையாக ஒட்டினேன். பெரிதாக அடிப்பித்தேன். என் போனில் பிடித்தால் உடனே வாசிக்கிறது! கடையில் பிடித்தால் ஊமை. ஒவ்வொரு முறையும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மண்கும்பான், மண்டைதீவுச் சந்தி என்று பஸ்ஸில் போய்த் திரும்பினேன். “கடைக்காரர் வேணுமெண்டு செய்யினம்” என்றார் அண்ணன், கனடாவிலிருந்து.

“கீழை நம்பர் இருக்குத்தானே, அதை அடிச்சுப் பாருங்கோவன்” என்று மனேஜரிடம் கெஞ்சினேன்.

“வரிசையிலை சனம் நிக்குது. உங்கடை தூளுக்காக நம்பர் அடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது” என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் ஒருவரும் இல்லை.

அன்றைக்குத்தான், ஆத்திரத்தில் பக்கெற்றை ஸ்கானரோடு ஒட்டிப் பிடித்து, கடை வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக் குனிந்து பார்த்தேன். ஸ்கானரின் வெளிச்சம் சிவப்பு. அந்தச் சிவப்பு விழுந்த இடத்தில் கோடுகளே இல்லை. வெறும் வெள்ளைத் தாள். சிவப்பு வெளிச்சத்துக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான் என்று, அத்தனை நாள் அலைந்த பிறகு இந்தக் கொம்பியூட்டர் மூளைக்கு விளங்கியது. என் போன் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்ததால்தான் ஏமாறவில்லை.

அண்ணனுக்கு போன் எடுத்தோம். அவர் அசையவில்லை. “கறுப்பிலை அடிக்கிறதெண்டா அப்பான்ரை பேரை லேபிளிலை இருந்து எடுத்துவிடுங்கோ.” அப்படிச் சொன்ன மனிதரின் படம் போன் திரையில் இருந்தது, பார்த்தேன். போட்டிருந்தது கறுப்புக் கோட், கறுப்புக் கண்ணாடி, சாய்ந்து நிற்பது கறுப்புக் காரில். எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கறுப்பு வேண்டாம், கடும் நீலத்திலாவது அடிப்போம், அதை ஸ்கானர் பிடிக்கும் என்றேன். “யோசிச்சுச் சொல்லுறன்” என்றார். யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அக்கா அண்ணனிடம் கேட்பதை நிறுத்தினார். “அவருக்கும்தான் அப்பா, எனக்கும்தான் அப்பா. நீலத்திலை அடியும் தம்பி” என்றார். அடித்தோம். அக்காவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். முதல் பக்கெற்றை நீட்டியதும் ‘டிங்’ என்றது. அக்கா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். “இன்னொருக்காப் பிடியும்!” என்றார். பிடித்தேன். ‘டிங்’.

மனேஜர் சாமான் அடுக்கும் தட்டைக் காட்டினார். எங்கள் தூளுக்கென்று சொன்ன இடத்தில் கொழும்புக் கம்பனியொன்றின் தூள் அடுக்கியிருந்தது.

“நாங்கள் எவ்வளவு நாளைக்குத் தட்டை வெறுமையா வைச்சிருக்கிறது?”

திரும்பி வரும்போது பண்ணைப் பாலம் முழுக்க அக்கா கடலைப் பார்த்தபடி இருந்தார்.  நான் அந்த மனேஜரோடு கத்திச் சண்டை பிடித்திருந்தாலாவது என் வயிறு ஆறியிருக்கும். அடுத்த வருடம் அக்கா விசிற் விசாவில் கனடா போனார். போனவர் வரவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை எண் அடித்த கதையை அக்காவுக்கு போனில் சொன்னேன்.  அவருக்குப் பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது.

“தம்பி, இஞ்சை குசினி அலுமாரியிலை இருக்கிற அவ்வளவு பக்கெற்றிலையும் கறுப்புக் கோடுதான். அண்ணை ஒருநாளும் ஒண்டும் சொன்னதில்லை” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “வையும், பிள்ளையள் வரப்போகுதுகள்.”

கொட்டிலின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று காலையும் பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றியது, போனது. ஒருவரும் தும்மவில்லை.