வலக்கரைக்கு உட்காரும் ஆள்

கம்பெனி பஸ் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் வராது. முனையிலேயே நின்று ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாயில் பாதி இட்லியோடு ஓடுவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். வயிறு எரியும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது இருவரும் சேர்ந்துதான் போனோம். இருவரையும் எடுத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஓடியது கோர்வைத் தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் நெய்கிறவர் ஒருவரால் ஆகாது. நூல் சுற்றிய நாடாக் கட்டையை வலப்பக்கக் கரைக்குள் தள்ளிவிட, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அந்த இன்னொருவர் நான்தான். "நீ பஸ் ஏறிட்டா கரைக்கு யாரு நாடா போடுவா?" என்றார் என் கணவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

மைத்துனரும் கோர்வைதான் நெய்தார். மனைவி வேலைக்குப் போனதும் ஒற்றை நிறச் சேலைக்கு மாறிக்கொண்டார். அதற்குக் கூலி குறைவு. "இன்னாபா, பொண்டாட்டிய பஸ் ஏத்திட்டு ஒண்டியா ஒக்காந்துக்கினு இருக்குற?" என்று தெருவே கேலி செய்தது. அவர் சிரித்துக்கொண்டே நெய்தார். வேலை கிடைத்ததைவிட, அப்படியொரு புருஷன் வாய்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுடைய அலுப்பின் மேல்கூட எனக்குப் பொறாமை. டியூட்டி முடிந்து வந்து கால் வலிக்கிறது என்பாள்; மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். நாள் முழுக்கக் குனிந்திருந்த என் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த பெண், "இவங்க வேலை செய்யிறாங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். நான் நாடாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். "இல்லமா, வீட்லதான் இருக்குது" என்றார் என் கணவர். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போன வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவளைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. என் மனம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்? இனி அவளும் என்னைப் போலத்தான் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து என் கை முறிந்தது. தறியில் பாதிச் சேலை நின்றது. முகூர்த்தத்துக்குக் கேட்ட சேலை. என் கணவர் அவளைக் கூப்பிட்டார். அவள் கொண்டையை முடிந்துகொண்டே, "கூலி எவ்ளோ மாமா?" என்றாள்.

"வூட்டு ஆளுகிட்டயே கேக்குறியாமா?"

"வேல வேலதான மாமா. கம்பெனில சும்மாவா ஒக்காந்துக்கினு இருந்தேன்?"

அவர் முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் என் கண்ணெதிரே கொடுத்தார். நான் உட்கார்ந்து தேய்ந்த அதே பலகை, அதே நாடா. கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு அவள் பணத்தை ஜாக்கெட்டுக்குள் செருகுவதைப் பார்த்தேன். பஸ் ஏறிப் போனபோது எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அது வேறு ஊர், வேறு வேலை என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது.

போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். அவள் பலகையை விட்டு எழுந்துகொண்டாள். என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, இனிமே கூலி மிச்சம். வா, ஒக்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை. "அவளுக்குக் குடுத்தத எனக்கும் குடுப்பியா?" என்றேன். கேட்கும்போது குரல் உடைந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் ஏதோ வலி என்று நினைத்து என் கையைப் பார்த்தார்.

கூலி இன்னும் முடிவாகவில்லை; இன்றுவரை தறி நிற்கிறது. முகம் மாறாமல், கொண்டை முடிந்துகொண்டே அவள் கேட்டாளே, அது எனக்கு வரவில்லை. இப்போது எரிவது அதற்குத்தான்.