அண்ணன் நூல் போட்டது வறுமையால் அல்ல

அண்ணனின் முதல் வருஷ நினைவு நாளான இன்று இந்தப் புத்தகம் கையில் கிடைத்த சொந்தக்காரர்களுக்கும், அண்ணனோடு பழகிய எல்லாருக்கும் தங்கையின் வணக்கம். நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். சொல்லை மாற்றக் கூடாது.

இந்தப் பக்கத்தில் எழுத இருந்தது அண்ணனுடைய மகன், என் மருமகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் வந்தபோது எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான். “ரெக்கார்டு பிளேயருக்கு ஒரு ரப்பர் பெல்ட் வாங்கக்கூட வசதியின்றி, பீடி நூலைக் கட்டி ஓட்டிய ஏழை என் தந்தை” என்று ஒரு வரி வந்தது.

“நிறுத்துல. யாருல ஏழை?”

“அப்படி இல்ல அத்தே. வாசிக்கவங்களுக்குக் கண்ணு கலங்கும்லா.”

“ஊர்க்காரன் கண்ணு கலங்கவா எங்கண்ணன் செத்தாரு?”

“அப்பம் நீங்களே எழுதுங்க.”

எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஏரலில். எங்கள் அப்பா ஆற்றங்கரைத் தோப்புகளில் வாழைத்தார் சுமந்தவர். அப்பா காலமானதும் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் தச்சநல்லூர் வந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பிறகு அதே ஆலையில் மெஷின் ஓட்டினார். என்னைக் கட்டிக் கொடுத்தார். நான் தாலி இழந்து திரும்பி வந்த அன்று, “வந்துட்டியா, கை கழுவிட்டுச் சாப்பிடு” என்றார். தன் வீட்டை ஒட்டி எனக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தார். வயதான காலத்திலும் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்து மகனை இன்ஜினியர் ஆக்கினார். யாரிடமும் கை நீட்டியதில்லை. கோபக்காரர். சொன்ன பேச்சுக் கேட்க மாட்டார். இதையும் எழுதத்தான் வேண்டும். செத்தவர் என்பதற்காகச் சர்க்கரை தடவ எனக்குத் தெரியாது.

அந்த ரெக்கார்டு பிளேயர், தெருவிலிருந்த மைக்செட் கடையை மூடியபோது அண்ணன் வாங்கியது. மதினி காலமான பிறகு அதுதான் அவருக்குத் துணை. காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு ரெக்கார்டு போடாமல் காப்பி குடிக்க மாட்டார். ஒரு நாள் தட்டு சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால், மோட்டாரிலிருந்து தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் கருப்பட்டிப் பாகுபோல் இளகி ஒட்டிக் கிடந்தது. ஜங்ஷனில் கடை கடையாகக் கேட்டார். இதெல்லாம் இப்போது வருவதில்லை, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து மாட்டினார். பாட்டு ஒப்பாரியாக இழுத்தது. அப்புறம்தான் நான் பீடி சுற்றும் தட்டில் கை வைத்தார்.

“ஏளா, அந்த நூல்கண்ட இங்கன தா.”

“பீடி நூலு ஒனக்கு எதுக்குண்ணே?”

“தான்னா தா.”

நூலை மூன்று இழையாக முறுக்கி, மெழுகு தேய்த்து, வளையமாக முடிச்சுப் போட்டார். சுற்றுக்குச் சுற்று அந்த முடிச்சு வந்து டொக் டொக்கென்று இடித்தது. கோபத்தில் பிய்த்து எறிந்தார். எனக்கும் கோபம் வந்தது, என் நூல் அல்லவா! பீடிக்கு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. சுற்றி இழுத்தால் நூலே நூலைப் பிடித்துக்கொள்ளும். அதேபோல, இரண்டு நுனியையும் ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து, ஒற்றை இழையால் நெருக்கிச் சுற்றிக் கொடுத்தேன். மாட்டினார். தட்டு சத்தமில்லாமல் சுற்றியது. பாட்டுதான் கொஞ்சம் மெதுவாக, தடித்த குரலில் வந்தது.

“சளி பிடிச்சவன் பாடுத மாரி இருக்கு” என்றேன்.

“நீ கேக்காத. காதைப் பொத்திக்கோ.”

விஷயம் தெரிந்து மருமகன் எங்கிருந்தோ ஒரு ரப்பர் பெல்ட்டைத் தேடிப் பிடித்து வாங்கி அனுப்பினான். அண்ணன் பார்சலை அலமாரியில் வைத்தார். பிரிக்கவே இல்லை. “போட்டாச்சாப்பா?” என்று அவன் போனில் கேட்டால், “ஓடுது, ஓடுது” என்பார். பிறகு அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

மருமகனே, இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ ஆசையாக அனுப்பியதை உன் அப்பா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று உனக்கு வருத்தம். நியாயமான வருத்தம். அந்தக் கோபத்தை எழுதியிருந்தால் நானே வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். அதை விட்டுவிட்டு அவரை ஏழையாக்கியிருக்கிறாயே! அவர் வீம்பு பிடித்தவர். வக்கற்றவர் அல்ல.

எனக்கு மட்டும் அவர்மேல் கோபம் இல்லையா? கடைசியில் மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வாயு” என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தார்.

“யண்ணே, ஆசுபத்திரிக்குப் போவோம், கிளம்பு.”

“ஓடுத வரைக்கும் ஓடட்டும்ளா.”

ரெக்கார்டு பிளேயரைச் சொன்ன அதே வாயால் உடம்பையும் சொன்னார். நூல் அறுந்தால் இன்னொன்று சுற்றிக் கொடுக்க நான் இருந்தேன். இதற்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தார்? ஒரு நாள் காலை அடிபம்பின் பக்கத்தில் விழுந்தார். ஆசுபத்திரியில் சேர்த்தோம். டாக்டர் முதலில் கேட்டது, ஏன் இத்தனை நாள் கழித்து வந்தீர்கள் என்பதுதான். அன்று சாயங்காலமே போய்விட்டார். வருஷம் திரும்பியும் எனக்கு ஆறவில்லை. படத்துக்குப் பூ வைக்கும்போது இன்றும் திட்டிக்கொண்டுதான் வைக்கிறேன்.

அன்று காசு வாங்காமல் ஆட்டோ ஓட்டி வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், தண்ணீர் சுமந்து, பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தான் எழுதியதைக் கிழித்துவிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் இதை அச்சுக்குக் கொடுப்பதாகச் சொன்ன மருமகனும் நன்றாக இருக்கட்டும்.

இன்று பந்தி உண்டு. எல்லாரும் இருந்து வயிறாரச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். அண்ணனைப் பிடிவாதக்காரர் என்று சொல்லுங்கள், முன்கோபி என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்லுகிறேன். ‘பாவம்’ என்று சொல்லுகிறவர்களுக்கு மட்டும் இலை கிடையாது.

உடன்பிறந்த தங்கை,
தச்சநல்லூர்