பக்கத்துக்கு இருபது பெயர்

இத்தனை வருட வேலையில் நீ செய்த பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், ஒரு பட்டியலை இருபது இருபதாகப் பிரித்ததுதான் என்பேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. குருபோங்கில் தொழிற்சாலைகளுக்கு எதிரே இருந்த ஒரு கடைவீட்டின் மாடியில், சின்னதொரு கணினி நிறுவனத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஜாசின் பக்கம் நான்கு ரப்பர் தோட்டங்களை வாங்கி வீடமைப்புத் திட்டம் போட்ட ஒரு நிறுவனம் எங்களிடம் வேலை கொடுத்திருந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடிக்கப் போகிறார்கள். அதற்குப் பதிலாகத் தோட்டத்து ஆட்களுக்கு மலிவு விலை வீடு. வீடு கிடைத்தவர்களின் பட்டியலை இணையத்தில் போட வேண்டும், அந்தந்தத் தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி என்போம், தன் ஆபீஸ் கணினியில் பார்த்து ஆட்களுக்குச் சொல்வார். பெயர் இருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களின் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நான்கு தோட்டங்களில் ஒன்று, பெம்பானுக்குப் பக்கத்தில் இருந்தது, நான் பிறந்து வளர்ந்த தோட்டம். நாங்கள் புக்கிட் காத்திலுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா மட்டும் இன்னும் அங்கேதான் இருந்தார். சித்தப்பா இறந்த பிறகும் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்து, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் இரண்டாயிரம் பேருக்கு மேல். முதலில் எல்லாப் பெயரையும் ஒரே அட்டவணையாக அனுப்பும்படிதான் எழுதினேன். அந்தக் காலத்து டெலிபோன் லைனில் அது இறங்குவதற்குள் கிராணி டீ குடித்து, குளித்து, கோயிலுக்கே போய்விட்டு வரலாம். தவுக்கே என் மேசைக்கு வந்து, "பார்க்கிறவன் ஒரு நேரத்தில் இருபது பெயரைத்தான் பார்க்கிறான். எதற்கு இரண்டாயிரம் அனுப்புகிறாய்?" என்று கேட்டார். சரியான கேள்விதான்.

அதனால் பிரிக்கிற வேலையை சர்வரிடம் விட்டேன். கிராணி 'அடுத்த பக்கம்' பொத்தானை அமுக்கினால் பக்க எண் மட்டும் சர்வருக்குப் போகும். சர்வர் தரவுத்தளத்திடம் அந்தப் பக்கத்து இருபது பெயரை மட்டும் வாங்கி அனுப்பும். சொல்வதற்கு எளிது. ஆயிரம் பெயரைத் தாண்டி அடுத்த இருபதைக் கொடு என்று எங்களிடம் இருந்த தரவுத்தளத்தில் நேராகக் கேட்க முடியாது. சுற்றி வளைக்க வேண்டும். பெயர் வரிசையில் முதல் ஆயிரத்து இருபதை எடு, அதைத் தலைகீழாக்கு, மேலே வரும் இருபதை மட்டும் வைத்துக்கொள், மறுபடி நிமிர்த்து. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். ஓடியது. ஒரு பக்கம் இரண்டு விநாடியில் வந்து நின்றது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டியல் வெளியான மூன்றாம் நாள் சின்னம்மா போன் செய்தார். பெம்பான் மளிகைக் கடையிலிருந்து பேசினார், பின்னால் லாரி சத்தம் கேட்டது.

"பாப்பா, எம்பேரு இல்லன்னு கிராணி சொல்றாருடி. அந்த லிஸ்டு ஒங்க ஆபீஸுலதானே போடுறாங்க? ஒரு தடவ பாத்துச் சொல்லேன்."

போனைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். சின்னம்மாவுக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் அம்மன் பெயர். வேண்டிப் பிறந்த பெண் பிள்ளைகளுக்கு எல்லாம் அந்தப் பெயர்தான் வைப்பார்கள், மற்றத் தோட்டங்களிலும் அதே கதைதான். ஐம்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து ஐம்பத்து நான்கு வரை அந்த ஒரே பெயர். பக்கத்தில் இருந்த தகப்பனார் பெயரை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் தாத்தாவின் பெயர் எங்கேயும் இல்லை.

"இல்ல சின்னம்மா. ஒங்க பேருல எழுவது எம்பது பேரு இருக்காங்க. நீங்க இல்ல."

"நாலாம் நம்பருன்னு பாத்தியா?"

"ஐயோ, அது காலையில பேரு கூப்பிடுற பெரட்டு நம்பரு. கம்ப்யூட்டர்ல அதெல்லாம் கெடயாதுலா."

"நான் வீடு கேட்டுப் பாரம் எழுதிக் குடுத்தேன்டி. கிராணி கையிலயே குடுத்தேன்."

"குடுத்திருந்தா இருக்கும்ல? கம்ப்யூட்டர் பொய்யா சொல்லும்? எதையாவது அரகொறயா எழுதிக் குடுத்திருப்பீங்க. படிக்கத் தெரியலன்னா என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல? எப்பவும் இப்படித்தான், எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நிப்பீங்க."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அன்று வந்த கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீடு கிடைக்காவிட்டால் சின்னம்மா பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அம்மா போன வாரமே அதைப் பற்றிப் பேச்செடுத்திருந்தார். எங்கள் வீட்டில் மூன்று அறை, ஆறு பேர். இருபத்தாறு வயதில்தான் எனக்கென்று ஓர் அறை கிடைத்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"சரி பாப்பா, வேலையப் பாரு," என்று சின்னம்மா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் தோட்டத்து ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அம்மாதான் எனக்குச் சொன்னார். யார் வம்புக்கும் போகாத மனுஷி, கிராணியைப் பார்த்து, "எம் பாரத்தத் தூக்கிக் குப்பையில போட்டது நீதான்!" என்று கத்தினாராம். இன்னும் சிலரும் தங்கள் பெயரைக் காணோம் என்று சேர்ந்துகொள்ள, கிராணி வேண்டாதவர்களின் பெயரை வெட்டிவிட்டார் என்று லயம் முழுக்கப் பேச்சு. அவருடைய மோட்டார்சைக்கிள் டயரை யாரோ கிழித்துவிட்டார்கள். எனக்கென்ன வந்தது என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை, வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, சின்னம்மா குருபோங்குக்கே வந்துவிட்டார். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார். என் முகம் சுருங்கியதை அவர் பார்த்திருப்பார்.

"கோவிச்சுக்காத பாப்பா. இது ரசீது. பாரம் குடுத்தப்ப குடுத்தாங்க. அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன், நேத்துதான் கெடச்சிச்சு."

பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்த மஞ்சள் சீட்டு. அதில் அவருடைய ஐசி நம்பர், அடையாள அட்டை எண், இருந்தது. ஆளை நம்ப வைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் தரவுத்தளத்தைத் திறந்தேன். என் பக்கங்கள் வழியாக அல்ல, நேராகவே அந்த நம்பரைக் கொடுத்துத் தேடினேன்.

ஒரு வரி வந்தது. சின்னம்மாவின் பெயர், என் தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், வீட்டு எண். அத்தனையும் சரியாக இருந்தது.

அவர் அங்கேதான் இருந்தார், முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறார். என் பக்கங்களில்தான் இல்லை.

"என்னா பாப்பா?"

"இருக்கு சின்னம்மா. பேரு இருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்பதான் ஏத்தியிருக்காங்க போல," என்றும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேங்காய் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று இறங்கிப் போனார். அந்தப் பிஸ்கட்டை நான் தொடவில்லை.

ஐம்பத்தொன்றிலிருந்து நான்கு பக்கத்தையும் அச்செடுத்துத் தரையில் பரப்பினேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு பெண் ஐம்பத்து மூன்றிலும் இருந்தாள். ஐசி நம்பர் ஒன்றே. அப்படி ஆறு பேர் இரண்டு முறை வந்திருந்தார்கள். அவர்கள் இரண்டாம் முறை உட்கார்ந்த இடங்களில் இருக்க வேண்டிய ஆறு பேர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெயர் வரிசையில் கொடு என்று மட்டும் கேட்டிருந்தேன். எல்லாருக்கும் ஒரே பெயர் என்றால் அவர்களுக்குள் யார் முன்னே, யார் பின்னே? நான் சொல்லவில்லை. அதனால் தரவுத்தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் இஷ்டத்துக்கு நிறுத்தியது. ஒரு பக்கம் கேட்டபோது சின்னம்மா இருபத்தோராவது ஆள். அடுத்த பக்கம் கேட்டபோது அவர் முந்தைய இருபதுக்குள் போய்விட்டார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஆள் காணாமல் போனார்.

இது தெரியாமல் போக நான் என்ன டவுன்காரியா? விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் நான் தினமும் கண் விழித்தேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரில் பதினொரு பெண்கள். வெறும் பெயரைக் கூப்பிட்டால் பதினொரு பேரும் குரல் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஒருத்தி கொடுப்பாள் என்று மற்றவள் சும்மா இருப்பாள், அன்றைய வேலையே குழம்பும். அதனால் கிராணி பெயரோடு ஒரு நம்பரைச் சேர்த்தே கூப்பிடுவார். சின்னம்மா நாலு. கல்யாணத்துக்கு முன்னாலும் நாலு, சித்தப்பா இறந்த மறுவாரமும் நாலு. அந்த நம்பரைத்தான் அவர் போனில் கேட்டார். நான் கிடையாது என்று எகிறினேன்.

பெயர் வரிசைக்குப் பின்னால் 'அதற்குப் பிறகு ஐசி நம்பர் வரிசை' என்று சேர்த்தேன். நிரலில் அது ஒரு சொல்தான். தலைகீழாக்கும் இடத்திலும் அதையே சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் முதல் ஆளாகச் சின்னம்மா வந்தார். மற்றப் பெயர்களையும் சோதித்தேன். நான்கு தோட்டத்திலும் சேர்த்துப் பதினேழு பேர் விட்டுப்போயிருந்தார்கள்.

தவுக்கேயிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்தப் பதினேழு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, தானே நிறுவனத்துக்குப் போன் செய்தார். பிறகு, "கிராணிகளுக்கு நீ போய்ச் சொல்," என்றார்.

போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்குப் போனேன். கிராணி என்னைப் பார்த்து, "வாம்மா, ஒன்னாலதான் எனக்கு இத்தன பேச்சு. நான் படிச்சா இனிமே ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, நீயே படி," என்று பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டிவிட்டார். அவர் முகத்தில் தூக்கமே இல்லை.

நடுவில் நின்று சொன்னேன். கிராணி யார் பெயரையும் வெட்டவில்லை, விட்டுப்போனது நான் எழுதிய கணினி வேலையில், தப்பு என்னுடையது. முதல் நாளிலிருந்தே எல்லாப் பெயரும் உள்ளே இருந்தது. இதைச் சொல்லும்போது சின்னம்மா நின்ற பக்கம் நான் பார்க்கவில்லை. 'இப்பதான் ஏத்தியிருக்காங்க' என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகு எங்கள் தோட்டத்துப் பட்டியலைப் படித்தேன். பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாது, பெண்கள் பெரட்டில் நிற்பதுபோலவே பதில் கொடுத்தார்கள். "இருக்கேன்." "இருக்கேன்யா." சிலர் சிரித்தார்கள். அம்மன் பெயர் வந்ததும் நானும் நம்பரைச் சேர்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்தார்கள்.

நாலு என்றேன். பதில் இல்லை.

என் தாத்தாவின் பெயரைச் சேர்த்து இன்னொரு முறை கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அழவில்லை. என்னையே பார்த்தார்.

"இருக்கேன்," என்றார். "நான் இங்கதான் இருந்தேன் பாப்பா. நீதான் இல்லன்னு சொன்ன."