‘தம்பி’யில் வரும் ‘பி’

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ‘படக்கார டீச்சர்’ என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடங்களாக எழுத்துக்கு ஒரு படம், சொல்லுக்கு ஒரு படம் என்று வரைந்து குவித்ததில் அலமாரிக் கதவு மூடவே மறுத்தது. அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், முப்பத்தொரு பிள்ளைகளும் கூரை அதிரக் கத்துவார்கள். அதைத்தான் அவர் வாசிப்பு என்று நம்பியிருந்தார்.

மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. முதலில் ஒவ்வொரு எழுத்தின் ஒலியையும் பழக்க வேண்டும், பிறகு ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்க வேண்டும், படமெல்லாம் அப்புறம்தான் என்றார் பயிற்சியாளர். “படத்த மறைச்சுட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்க மேடம். உங்களுக்கே தெரியும்.”

பயிற்சி முடிந்த மறுநாள் டீச்சர் ‘வானொலி’யைக் கூப்பிட்டார். வகுப்பிலேயே கடகடவென்று வாசிப்பவள். குரலுக்காகவே அந்தப் பட்டம். பாடப் புத்தகத்தில் வீட்டுப் படத்தின் மேல் டீச்சர் ஒரு தாளை வைத்தார். வானொலி சட்டென்று நின்றுபோனது.

“படிம்மா.”

“படம் தெரியல டீச்சர்.”

“கீழ எழுதியிருக்குல்ல?”

அவள் எழுத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள். “யானையா?”

டீச்சருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. இத்தனை வருடமாகப் பிள்ளைகள் வாசித்தது எழுத்தையா, என் படங்களையா?

அட்டைகளை உள்ளே தள்ளிவிட்டு ஒலிகளைத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் வானொலி எழுத்து எழுத்தாகக் கூட்டப் பழகினாள். ஒருநாள் ‘தம்பி’ என்ற சொல் வந்தது. “த… ம்… பி…” என்றாள். ‘பிடி’யில் வரும் அதே பி. திரும்பத் திரும்பச் சொன்னாள். பொழுதெல்லாம் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவளுக்கு அந்தச் சொல் எதுவென்று தெரியவில்லை.

எழுத்து தெரிகிறது, சொல்லும் தெரியும். இரண்டும் ஏன் சந்திக்க மறுக்கின்றன? டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று மாலை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர், “என்ன, பல்வலியா?” என்றார்.

“தம்பி சொல்லுங்க.”

“எனக்கு ஏது தம்பி?”

“ஐயோ, வாயால சொல்லுங்க!”

அவர் சொன்னார். ‘ம்’முக்கு மூடிய உதடு அப்படியே திறக்கும்போது ‘பி’, ‘பிடி’யில் போல அழுந்தாமல் தானாகவே மெலிந்துவிட்டது. பயிற்சியாளருக்குப் போன் போட்டுக் கேட்டால், “கையேட்டுல அது இல்லையே மேடம்” என்று அவரும் முழித்தார்.

மறுநாள் பிள்ளைகளை “ம்ம்ம்” என்று முனகவிட்டு, அப்படியே வாயைத் திறக்கச் சொன்னார். “தம்ம்ம்பி… தம்பி!” என்று துள்ளினாள் வானொலி. உடனே, “அப்ப ‘கப்பல்’ல மட்டும் ஏன் டீச்சர் அழுத்தணும்?” என்றாள். டீச்சர் ‘கப்பல்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

அந்த வாரமே வானொலியின் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

“முன்னாடியெல்லாம் தண்ணி பட்ட பாடாப் படிப்பா. இப்ப திக்குறா, திணறுறா. எம்புள்ளைய என்னங்க பண்ணீங்க?”

ஒரு புகார்க் கடிதத்தைத் தலைமை ஆசிரியரின் மேசையில் வைத்தார். டீச்சருக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் கெடுத்துவிட்டேனோ?

மேசை விளிம்பில் மோவாயை வைத்து நின்ற வானொலி கடிதத்தில் விரலை ஓட்டினாள். “எ… ன்… என். ம… க… ளு… க்… கு… என் மகளுக்கு.” பெரியவர்கள் மூவரும் அந்த விரலைப் பார்த்தார்கள். விரல் நகர்ந்தது. “படி… க்க… வர… வி… ல்… லை.” அவள் நிமிர்ந்தாள். “யாருக்கும்மா படிக்க வரல?”

தலைமை ஆசிரியர் அவசரமாக இருமினார். “காலையிலதான எழுதினேன்… இத எப்பப் பாத்தா?” என்று அம்மா தடுமாறினார். கடிதத்தை அங்கேயே விடுவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வருடக் கடைசியில் இருபத்தாறு பிள்ளைகள் படமில்லாத பக்கத்தை வாசித்தார்கள். ஐந்து பேருக்கு வரவில்லை. ஏன் என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்த்த பழைய மாணவனிடம், “நீ எப்படிப்பா படிக்கக் கத்துக்கிட்ட?” என்று கேட்டார்.

“என்ன டீச்சர், நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?”

ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று புரியாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை அந்த ஐந்து பேரையும் தன் நாற்காலியைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் என்ன ஒலி வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்.