மின்ஹாஜ் பாய் யானைக்குக் கட்டிய மைக் செட்

செல்லூரில் மின்ஹாஜ் பாயிடம் யாரும் ரகசியம் பேசுவதில்லை. வருஷக்கணக்காகக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதை ஈடுகட்டக் குரல் பெரிசாகிவிட்டது. டீக்கடையில் அவர் சீனி கம்மியாக ஒரு டீ கேட்டால், அவருக்குச் சுகர் என்பது தெருமுனை வரைக்கும் தெரிந்துவிடும். தறிச் சத்தம் ஓயாத அந்தச் சந்தில் தறியையும் மீறிக் கேட்கிற குரல் தன்னுடையது ஒன்றுதான் என்பதில் மனுஷனுக்குப் பெருமை வேறு.

சவுண்ட் சர்வீஸ்தான் தொழில். காதுகுத்து, கல்யாணம், கந்தூரி, கோயில் பொங்கல், கட்சிக்கூட்டம், எதுவானாலும் பாயின் குழாய்தான் முதலில் கூவும். "நம்ம செட்டப் போட்டா அழகர்கோயில்ல கெடக்கற குரங்கெல்லாம் மலை உச்சிக்கு ஓடிப்போயிரும்" என்று அளந்துவிடுவார். தற்பெருமை கொஞ்சம் அதிகம்தான், அதை அவர் மனைவி நிலோபரே அவர் முகத்துக்கு நேராகச் சொல்வாள். ஆனால் இளகின மனசு. கண்கலங்கி நிற்கிறவர்களைப் பார்த்தால் வாடகைப் பேச்சே அவர் வாயில் வராது.

அப்படித்தான் ஒருநாள் மலையம்மாள் கடைக்கு வந்து நின்றாள். பேரையூர் தாண்டி, மலையடிவாரத்தில் கோட்டாங்காடு என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பொங்கலுக்கு வருஷா வருஷம் பாய்தான் செட்டுக் கட்டுவார். அதனால் பழக்கம். புருஷன் தவறிப்போனபின் ஒண்டியாக விவசாயம் பார்க்கிறவள். நாற்பது, நாற்பத்தைந்து வயசு இருக்கும்.

"வா தாயி. என்ன விசேஷம்?" என்றார் பாய்.

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல பாய். யானைய வெரட்டணும்."

பாய் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மலையிலிருந்து ஒற்றைக் கொம்பன் ஒன்று இறங்குகிறதாம். போன வருஷம் அவள் போட்டிருந்த வாழையை ஒன்றுவிடாமல் தின்று, மிதித்து, துவைத்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த வருஷம் மக்காச்சோளம். கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் காப்பாற்றிவிட்டால் ஒடித்துவிடலாம். வெடிச் சத்தம் அந்த யானைக்குப் பழகிப்போச்சு. மின்வேலி போடுவது பாவம், குற்றமும்கூட. "புதுசா எதாச்சும் சத்தம் போட்டுப் பாருங்க" என்றாராம் வனக்காவலர் தவசி.

"இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நெலத்த வித்துப்புட்டு கோழிப்பண்ண வேலைக்குப் போகவேண்டியதுதான். வெலைக்குக் கேட்டு ஆளும் வந்துட்டுப் போயிருச்சு."

"நிப்பாட்டு. நிலத்த விக்கிறாளாம்ல! நம்ம செட்டுக்கு முன்னால யானை எம்மாத்திரம்?" என்று பாய் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாளே நாலு குழாய், ஆம்ப்ளிபயர், பேட்டரி, வயர் எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறிக் கோட்டாங்காடு போய்ச் சேர்ந்தன. நிலத்தின் நாலு மூலைக்கும் நாலு குழாய். பென்டிரைவில் புலி உறுமல். சாயங்காலம் ஊரே வேடிக்கை பார்க்க வரப்பில் வந்து நின்றது. பொழுது சாய்கிற நேரம் ஓடைக்கரைப் புதர் அசைந்தது. கொம்பன் வெளியே வந்தது. "போடுங்க பாய்" என்று தவசி கையைக் காட்டினார். பாய் பட்டனை அமுக்கினார்.

பிள்ளையார் பாட்டு முழங்கியது.

நம்ம பக்கத்தில் எந்த மைக் செட்காரரும் பிள்ளையார் பாட்டுப் போடாமல் செட்டைத் தொடங்க மாட்டார். அது தொழில் மரியாதை, இதில் ஜாதி மதம் கிடையாது. காலையில் பென்டிரைவில் ஏற்றும்போதே பாய் பழக்கதோஷத்தில் முதல் பாட்டாக அதைத்தான் ஏற்றியிருக்கிறார். விரலும் தானாக அங்கேதான் போயிருக்கிறது. நாலு மூலையிலிருந்தும் நாதஸ்வரத்தோடு பாட்டு கிளம்ப, எதிரே யானை காதை விரித்துக்கொண்டு நிற்க, வரப்பில் நின்ற சனம் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு பெரியவர் தோப்புக்கரணமே போட்டுவிட்டார். யானை பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, நிதானமாக ஓரத்து வரிசையில் நாலு சோளத்தட்டையைப் பிடுங்கி மென்றது.

"யோவ் பாய்! விருந்துக்கா கூப்பிட்டுருக்கோம்? புலியப் போடுய்யா!" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தர் கத்தினார்.

புலி உறுமியது. யானை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். யானை மட்டுமா? மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஊர் நாய்கள் போன திசை தெரியவில்லை. புலியெல்லாம் பார்த்தவர் என்று பேர் வாங்கின தவசியே தென்னை மரத்தில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்புறம் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "யானைய ஓட வச்சுட்டேன்டி!" என்று போனில் நிலோபரிடம் கத்தினார். போன் இல்லாமலே அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி. மறுநாள் உறுமலைக் கேட்டு யானை ஓடவில்லை, நின்று யோசித்தது. அதற்கு மறுநாள் நேராக மேற்கு மூலையில் குழாய் கட்டியிருந்த வேப்பமரத்துக்கு வந்து, குழாயைத் தும்பிக்கையால் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்து, உள்ளே புலி இல்லை என்று தெரிந்துகொண்டு, அந்த மூலையில் சாவகாசமாக மேய்ந்துவிட்டுப் போனது.

மலையம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பாய் கிட்டே போய் நின்றார். "பெருசா வாயடிச்சு ஒன் வெள்ளாமைய நாசம் பண்ணிட்டேனே தாயி" என்றார். அவருக்கே கேட்காத அளவு மெல்லமாக வந்தது குரல்.

"நீ என்ன செய்வ பாய். என் நேரம்."

அவள் நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாய்க்கு.

அன்றைக்கு நிலோபரிடம் போனில் புலம்பினார். அவள் கொஞ்சநேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, புலி தெனம் ஒண்ணையே உறுமுனா யானைக்குச் சலிச்சுப் போகாதா? ஒங்க பேச்சு எனக்கே இன்னும் பழகல. மைக்கப் பிடிச்சு நீங்களே பேசுங்க. என் காதுக்கும் பத்து நாள் லீவு கெடைக்கும்."

மறுநாள் சாயங்காலம் பாய் மைக்கைப் பிடித்தார்.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். ஓடைக்கரையோரமாக நின்றுகொண்டிருக்கும் ஒற்றைக் கொம்பன் அவர்களின் கனிவான கவனத்திற்கு! தாங்கள் நிற்கும் இடம் தனியார் நிலம். உடனடியாகக் கலைந்து செல்லும்படி விழாக் கமிட்டியின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்!"

ஆம்ப்ளிபயர் குமிழை அவர் மாற்றி மாற்றித் திருக, ஒரு வார்த்தை கிழக்குக் குழாயில் வரும், அடுத்த வார்த்தை தெற்கில். எந்த மூலையிலிருந்து மனுஷன் வருகிறான் என்று புரியாமல் யானை முன்னே ஒரு எட்டு, பின்னே ரெண்டு எட்டு வைத்துத் திரும்பிப்போனது. அடுத்த நாளும் அப்படியே. பாயிடம் பேச்சுக்கா பஞ்சம்? தக்காளி விலை, மச்சினன் கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போனது, வைகைப் பாலத்து நெரிசல் என்று எல்லாவற்றையும் யானைக்குச் சொன்னார். ஒன்றும் இல்லாத நாளில் மாமியார் வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த நாளில் யானை ரொம்ப தூரம் ஓடியதாகத் தவசி சொல்கிறார்.

கதிர் ஒடிக்கிறதுக்கு முந்தின சாயங்காலம் பாயின் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. புதர் அசைந்தது. கொம்பன் வந்து நிலத்துக்குள் காலை வைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பாய் மைக்கை மலையம்மாள் கையில் திணித்தார்.

ஊர்க்கூட்டத்தில்கூடப் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போகிறவள் அவள். முதலில் மூச்சு மட்டும் மூன்று குழாயிலும் கேட்டது.

"சாமி... நான்தான் மலையம்மா. ஒனக்கு அம்புட்டு மலையும் கெடக்கு. எனக்கு இம்புட்டுத்தான் இருக்கு. போன வருசம் வாழைய அழிச்சுப்புட்டுப் போன. நான் யாருகிட்டயும் போயி அழுகல. அவுக அவுகளுக்கு அவுக வெள்ளாமை, யாரக் கூப்புடுறது? பொழுது எறங்குனா இந்த வரப்புல ஒண்டியாத்தான் ஒக்காந்துருப்பேன். பாய் போயிட்டா மறுபடியும் அப்படித்தான். பயமா இருக்கு சாமி. ஒன்னப் பாத்து இல்ல. நான் செத்துக் கெடந்தாக்கூட விடிஞ்சுதான ஊருக்குத் தெரியுமின்னு பயமா இருக்கு."

குழாய்ச் சத்தம் ஊருக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டது. சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் கையை உதறிவிட்டு எழுந்தார்கள். வண்டிப்பாதையில் முதலில் ஒரு டார்ச் வெளிச்சம், அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. தட்டு, தகரம், பறை, கையில் கிடைத்ததை எல்லாம் தட்டிக்கொண்டு ஊர் வந்துகொண்டிருந்தது. கொம்பன் அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி, ஓடையைத் தாண்டி மலையைப் பார்த்துப் போய்விட்டது.

முதல் ஆளாக ஓடிவந்தவள் பக்கத்து நிலத்துக்காரி பாண்டிமீனா. மூச்சிரைக்க மலையம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டி, இம்புட்டு நாளா ஒரு வார்த்த கூப்புட்டுருக்கக் கூடாதா?"

"இப்பத்தான கூப்புட்டேன் மதினி" என்றாள் மலையம்மாள். அதுவும் மூன்று குழாயிலும் கேட்டது. பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தொண்டை கட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை.

மறுநாள் காலையில் கூலி பேசாமல் ஊரே இறங்கிக் கதிர் ஒடித்தது. உச்சிவெயிலுக்குள் களத்தில் மஞ்சளாகக் குவிந்துவிட்டது. பாய் செட்டைப் பிரிக்க ஏணியை எடுத்தபோது மலையம்மாள் வந்து மைக்கைக் கேட்டாள்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். மலையம்மா நெலம் விக்கிறதுக்கில்ல. அதக் கேட்டு இனி யாரும் வரவேணாம்."

சொல்லிவிட்டு மைக்கைப் பாயிடம் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்குப் பிடிக்கக் களத்துக்குப் போனாள்.