மாவு மாத்திரை

போன வருடம், மாங்காய் லாரிகள் கிருஷ்ணகிரி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் மாதத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது ஓசூர் மூக்கண்டப்பள்ளியில். கணவருக்கு வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. நான் எம்.எஸ்சி. கணிதம் படித்து, கொஞ்ச காலம் பள்ளியில் பாடம் எடுத்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். மாமியாரும் எங்களோடுதான்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்த பிறகும் எனக்குள் ஏதோ சரியில்லாமலே இருந்தது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் படுத்தால், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். பாத்திரம் விளக்கப் போய், குழாயைத் திறந்துவிட்டு, எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பேன். அழுகைக்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை. மாமியார் இதைச் சோம்பல் என்றார். கணவர், நான் ரொம்ப யோசிக்கிறேன் என்றார். நானோ, நான் நல்ல அம்மா இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஓசூரில் நாங்கள் பார்த்த டாக்டர், இது மனச்சோர்வு என்றார். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இதற்கு ஓர் ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றும் சொன்னார். சேர்வதற்கு முன்பே அங்கே எல்லாவற்றையும் தமிழில் விளக்கினார்கள். ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. நிலைமை மோசமானால் உடனே வழக்கமான சிகிச்சைக்கு மாற்றிவிடுவார்கள். நான் கேட்ட சந்தேகங்களையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள். கணவரும் கூட இருந்து தலையாட்டினார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் போவேன். அங்கே என் வயதில் ஒரு கன்னடப் பெண் தடுமாறும் தமிழில் கேள்விகள் கேட்பார். தூக்கத்தை அவர் 'நித்தெ' என்பார். “நித்தெ வந்துச்சா? எதுக்கு எழுந்திரிச்சீங்க?” கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நான் சொல்லி முடிக்கும்வரை எடுக்கமாட்டார். சொன்னதை நான் பாதியில் மாற்றுவேன், 'இல்லை, அது முந்தின வாரம்' என்று திருத்துவேன், திருத்தியதையும் திருத்துவேன். அவர் காத்திருப்பார். எத்தனையோ மாதங்களாக என்னிடம் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

மெல்ல மெல்லத் தேறினேன். முழுவதும் இல்லை. ஆனால் குழாயடியில் நிற்பது குறைந்தது. மகளோடு சேர்ந்து ஒருநாள் சத்தமாகச் சிரித்தபோது, அவள் விளையாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்று சொல்லக் கூப்பிட்டார்கள். அன்று கணவரும் லீவு போட்டு வந்தார். எனக்கு வந்தது மருந்தில்லாத மாத்திரை. அதைச் சொன்ன கையோடு டாக்டர் மற்றதையும் சொன்னார். மருந்தில்லாத மாத்திரையிலும் ஓரளவு தேறுகிறவர்கள் உண்டு, அடிக்கடி வந்து பேசுவதும் கவனிப்பும்கூட உதவும், அதனால் நோய் பொய் என்று ஆகாது. உங்களுக்கு இன்னும் மீதி இருக்கிறது, இனி வழக்கமான சிகிச்சைக்குத் தொடர்ந்து வரவேண்டும் என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். கணவர் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றது. அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“எங்க லைன்ல வேணும்னே ஒரு தப்பான பீஸை உள்ள விடுவாங்க. செக் பண்றவன் முழிச்சிருக்கானான்னு பாக்க. அவன் புடிக்கலன்னா மாட்டிக்குவான். அந்த மாதிரி உன்னை செக் பண்ணிட்டாங்க. நீ மாட்டிக்கிட்ட.”

திட்டவில்லை. பாரம் இறங்கியவர் மாதிரிச் சொன்னார். மனைவிக்கு நோய் இல்லை என்று ஆகிவிட்டதில் அவருக்குச் சந்தோஷம். இனிமேல் பெங்களூர் அலைச்சல் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னார். அவர் உடனே, “மாவு மாத்திரையில சரியாப் போச்சுன்னா அது என்ன நோவு?” என்று கேட்டார்.

இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். என் அழுகையின் மேலேயே எனக்குச் சந்தேகம் வரும்படி செய்துவிட்டார்கள். உண்மையில் நடித்தேனோ? வேலை செய்யப் பிடிக்காமல்தான் குழாயடியில் நின்றேனோ? டாக்டர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், மருமகளாக அடங்கி, குறித்துக் கொடுத்த தேதிக்கு நான் போகவில்லை. சில வாரங்களில் தூக்கம் மறுபடி போனது. மகளின் மூக்கருகே மறுபடி விரல் போனது. இப்போது அதை வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால், மாட்டிக்கொண்டவள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாத்தனாரும் அவர் கணவரும் சாப்பிட வந்தார்கள். அந்த அண்ணனும் என் கணவர் கம்பெனிதான். நான் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தேன். கணவர் அந்தக் கதையை எடுத்தார். பெங்களூரில் பெரிய பெரிய டாக்டர்கள், கடைசியில் மாவு மாத்திரை, இவளுக்குச் சரியாகிவிட்டது என்று. தப்பான பீஸ் உவமையும் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிப்போடு என்னைப் பார்த்து, “ஏம்மா, எனக்கும் முட்டி வலிக்குது, அந்த மாத்திரை மிச்சம் இருக்கா?” என்றார்.

கரண்டியைச் சட்டியில் போட்டேன். போட்ட சத்தம் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது.

“அண்ணா, உங்க கம்பெனில புதுசா ஒரு கேஜ் வந்தா என்ன பண்ணுவீங்க?”

கேஜ் என்பது பீஸின் அளவு சரியா என்று பார்க்கும் கருவி. அவர் பழக்கதோஷத்தில் பதில் சொன்னார். “அளவு சரியாத் தெரிஞ்ச மாஸ்டர் பீஸை வச்சுப் பாப்போம். கேஜ் கரெக்டா காட்டுதான்னு.”

“அப்ப யாரை செக் பண்றீங்க? மாஸ்டரையா, கேஜையா?”

“கேஜைத்தான்.”

கணவரைப் பார்த்துத் திரும்பினேன். “அங்க செக் பண்ணது என்னை இல்லீங்க. மருந்தை. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டோமே, நாங்கதான் மாஸ்டர். எங்களை வச்சுத்தான் அந்த மருந்தை அளந்தாங்க. எனக்கு நோய் இருந்ததாலதான் என்னைச் சேத்தாங்க. இன்னமும் இருக்கு. ராத்திரி தூங்கறதில்ல. நீங்க பக்கத்துலதான் படுத்திருக்கீங்க. செவ்வாக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

சாப்பாட்டு நேரத்தில் எதற்கு இதெல்லாம் என்றார் மாமியார். கணவர், மாஸ்டர் பீஸ் பற்றி எனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அங்கேதான் எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது. யார் சொல்வார்கள்? தினமும் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது அவர் சொன்னதுதான். எந்த லைன் நின்றது, எந்த பீஸ் ரிஜெக்ட் ஆனது, சூப்பர்வைசர் யாரைத் திட்டினார் என்று கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்டதால் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் தேதி தவறியதற்குத் திட்டவில்லை. இப்போது மருந்துள்ள மாத்திரைதான் சாப்பிடுகிறேன். பேசுவதற்கும் போகிறேன். நன்றாகவே தேறி வருகிறேன். சில நாள் இன்னும் என்னை நானே சந்தேகப்படுகிறேன். ஆனால் சந்தேகம் வந்தது என்பதற்காகத் தேதியைத் தவறவிடுவதில்லை.

போன வாரம் கணவர் செல்போனைப் பார்த்தபடியே, “நைட் தூங்கினியா?” என்று கேட்டார். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள் என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் வைத்தார். நான் முந்தின ராத்திரியிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த மாத்திரைக்குள் ஒன்றும் இல்லைதான். ஆனால் அதைக் கொடுத்த அறையில் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் தூங்கினேனா என்று கேட்டாள். என் வீட்டில் யாரும் கேட்காத அந்த ஒரு கேள்வியைக் காதால் கேட்க நான் மாநில எல்லையைத் தாண்டிப் போக வேண்டியிருந்ததே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஆறிவிடக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.